ஐந்தடி தூரத்தில் நிற்பவள்

வீட்டில் ஒரு கேமரா இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குப் படம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள், பாவம், கேமரா இல்லாத வீட்டுக்காரர்கள். அவளும் எட்டு மாதத்துக்கு முன்புவரை அந்தக் கட்சியில்தான் இருந்தாள்.

கேமரா வாங்கியவர் அவள் கணவர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். வாங்கியது டி.எஸ்.எல்.ஆர். வகையில் முதல் படிக்கட்டு, கூடவே அந்தப் பெட்டியிலேயே வந்த ஒரு லென்ஸ். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது போதும் என்று கடைக்காரர் சொன்னதை, வீடு வந்து சேர்வதற்குள் பெரிய ஆட்களே இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று வளர்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே ஒரு கொள்கையும் அறிவித்தார். தான் இயற்கைக் காட்சி மட்டும்தான் எடுக்கப்போகிறாராம். ஆட்களை நிறுத்திவைத்துப் படம் எடுப்பது கல்யாண வீட்டு வேலையாம்.

முதல் மாதம் ஃபோகஸ் செய்யும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டார். அதற்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் பிடிக்கும். மலையைக் காட்டினால் வேலிக்கம்பியைப் பிடித்தது, ஏரியைக் காட்டினால் நாணலைப் பிடித்தது. அத்தனை துல்லியமான வேலிக்கம்பிகள் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் லென்ஸ் கோணல் என்றார். இரண்டாம் மாதம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு ஃபோகஸைத் திருப்பினார். மலை வந்துவிட்டது. முன்னால் இருந்த புல்தான் கரைத்துவைத்த மாவாகிவிட்டது. மூன்றாம் மாதம் ஒரு காணொளியில் ஞானம் கிடைத்தது.

ஞானம் இதுதான். லென்ஸை எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலமாக வைத்து, உள்ளே ஒளி போகும் துளையைச் சுருக்கி, சரியாக ஐந்தடி தூரத்தில் ஃபோகஸ் செய்தால், இரண்டரை அடியில் இருக்கும் புல்லிலிருந்து அடிவானத்து மலைவரை எல்லாமே தெளிவாக விழும். இதில் ஒரே ஒரு சங்கடம். விலை உயர்ந்த லென்ஸ்களில் தூரத்தை எண்களாகப் பொறித்திருப்பார்கள். வளையத்தைத் திருப்பி வேண்டிய எண்ணில் நிறுத்தினால் வேலை முடிந்தது. இந்தப் பெட்டி லென்ஸில் எண்ணும் இல்லை, கோடும் இல்லை. ஆகவே ஐந்தடி தூரத்தில் எதையாவது நிறுத்தி, அதன்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தள்ளிப் பூட்டிவிட்டு, நிறுத்தியதை அப்புறப்படுத்த வேண்டும்.

அந்த 'எதையாவது' யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்னால் இருவரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். முன்னால் இருக்கும் புல் எடுப்பாக விழ வேண்டும் என்பதால் முக்காலியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி வைப்பார். அலுவலக அளவு நாடாவை இழுத்து ஐந்தடி அளந்து அவளை நிறுத்துவார். மங்கலான வெளிச்சத்தில் கேமராவுக்குப் பிடிமானம் வேண்டுமாம். அதற்காக அவள் தன் கட்டம்போட்ட சால்வையை முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு, துணி காயப்போட்ட கொடிக்கம்பமாக நிற்பாள். 'பீப்' என்று சத்தம் வரும். பொத்தானைத் தள்ளுவார். ஒத்திகைக்கு ஒரு படம் எடுப்பார். அப்புறம், "நகரு."

ஒரு வாளியை வைத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். வாளி ஒரே நிறமாக இருக்குமே, அதில் கேமராவுக்கு என்ன கிடைக்கும் என்றார். அந்தக் கட்டச் சால்வையை வாளியின்மேல் போடலாமே என்றாள். அதற்கு அவர், ஃபோகஸ் என்றால் என்னவென்று உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று தொடங்கி, வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவள் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக நுண்ணோக்கி பார்க்கிறவள். பெரிய திருகைத் திருப்பிக் கிட்டே கொண்டுவந்து, சின்னத் திருகை மயிரிழை திருப்பி, ஒரு சொட்டு ரத்தத்துக்குள் எதை மேலே கொண்டுவர வேண்டுமோ அதை மட்டும் மேலே கொண்டுவருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் மனிதர், விற்கட்டும் என்று விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'அஞ்சடியார்' என்று பெயர் விழுந்தது. அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு இனி அவள்தான் தலைமை. மருத்துவமனை முகப்புக் கூடத்தில் ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் சுவரில் ஒரு படச்சட்டம் உண்டு. அவளுக்கும் மாட்டினார்கள். கீழே பெயரும் பதவியும் பித்தளைத் தகட்டில் பளபளத்தன. மேலே வெறும் அட்டை. எலும்பு மருத்துவருக்கும் கண் மருத்துவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம். ஃபோனில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். இவ்வளவு பெரிய சட்டத்துக்கு அது தாங்காது, தெளிவாக ஒன்று வேண்டும் என்று அலுவலக எழுத்தர் திருப்பிவிட்டார். சரி, ஸ்டூடியோவுக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொன்னாள்.

அஞ்சடியாருக்கு வந்ததே கோபம். "வீட்ல ஒரு கேமராக்காரன் இருக்கும்போது ஸ்டூடியோவா? நாலு பேரு என்ன நினைப்பாங்க? நான் எடுத்துத் தரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை."

அடுத்த ஞாயிறு பனி அருமையாக இருந்ததால் முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பனி இல்லாததால் மனசு சரியில்லை. ஆறு வாரம் போயிற்று. நோயாளிகளுடன் வந்தவர்கள் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்து, பாவம், போய்ச் சேர்ந்துட்டாங்களா, என்ன வயசோ என்று கேட்கத் தொடங்கியிருப்பதாக எழுத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நச்சரிப்புத் தாங்காமல் ஒரு மாலை அஞ்சடியார் கணினியைத் திறந்தார். இத்தனை மாதமாகக் கேமரா முன்னால் நிற்கிறாயே, ஒத்திகைப் படங்களில் ஒன்று தேறாமலா போய்விடும் என்று பெருந்தன்மையோடு அந்தக் கோப்புறையைத் தட்டினார். இருநூற்றுப் பதினான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் அவள். சால்வையின் ஒவ்வொரு இழையும் எண்ணலாம். செருப்பின் அறுந்த வாரில் அவள் குத்தியிருந்த ஊக்குகூடப் பளிச்சென்று தெரிந்தது. பாதத்திலிருந்து இடுப்புவரை குறையே சொல்ல முடியாது. இருநூற்றுப் பதினான்கிலும் தலை மட்டும் இல்லை. முக்காலி முழங்கால் உயரத்தில் நின்றால் தலை எங்கிருந்து வரும்?

"ஃபோகஸ் பாத்தியா?" என்றார் அவர்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சுவரில் படம் இல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டு மாதத்தில் அந்தக் கண்ணாடி வழியாக ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இந்த மனிதருக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் அவளுக்கு வலித்தது. அவர் கையால் ஒரே ஒரு படம் வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதனால்தான் ஆறு வாரம் பொறுத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் புகைப்படச் சங்கத்தின் போட்டிக்குக் கடைசி நாள். ஞாயிறு விடியலில் வானம் சிவந்து, ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. செருப்புக் காலோடு நடந்தால் பனிப்புல்லில் தடம் விழும், கழற்றிவிட்டு நில் என்றார். கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். சால்வையைப் பிடித்தாள். பீப். பொத்தான். "நகரு, நகரு, வெளிச்சம் போகுது!" குளிர்ந்த புல்லில் வெறுங்காலோடு நுனிவிரலில் விலகினாள். அவர் கேமராவின் பின்திரையில் மலையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, உச்சியில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் படத்தை எடுத்தார். வீட்டில் கணினியிலும் அந்த மரங்களைத்தான் பார்த்தார். அப்படியே போட்டிக்கு அனுப்பிவிட்டார்.

தேர்வான படங்களைச் சங்கமே பெரிதாக அச்சிட்டு அரங்கில் மாட்டும். பரிசளிப்பு அன்று இருவரும் தாமதமாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். குறுந்தாடி வைத்த நடுவர் முதல் பரிசுப் படத்தைத் திரையில் காட்டச் சொன்னார். மலை, ஏரி, சிவந்த வானம். அஞ்சடியாருக்குத் தலைகால் புரியவில்லை. நடுவர் மலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு குச்சியை எடுத்துப் படத்தின் அடியில், புல்லின் நடுவே, ஒரு ஜோடி பழைய செருப்பைத் தொட்டார். வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"இதுதான் படம்," என்றார். "இங்கே ஒருத்தி நின்றிருக்கிறாள். இப்போது இல்லை. அதோ தண்ணீர். அவள் எங்கே போனாள் என்று தண்ணீருக்குத் தெரியும், சொல்லாது."

அரங்கில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். தண்ணீருக்குள் போய்விட்டதாகச் சொல்லப்பட்டவள் அதே செருப்பை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் திரையில் இருந்த செருப்பை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரும் அப்போதுதான் பார்க்கிறார் என்பதற்கு அவளுக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

மேடை ஏறுவதற்கு இருபது அடி நடக்க வேண்டியிருந்தது. அந்த இருபது அடி அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்து, தொண்டையைச் செருமி, அந்தச் செருப்பை எங்கே வைப்பது என்று மூன்று வாரம் தூக்கமில்லாமல் யோசித்ததாகவும், ஒருவர் இல்லாமல் இருப்பதை ஃபோகஸ் செய்வதுதான் தன் வழி என்றும் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரரா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த யாராவதா, உண்மையாகவே போய்விட்டாளா என்று இவளிடம் மெல்லக் கேட்டாள்.

"இதுவரைக்கும் உயிரோடதான் இருக்கா," என்றாள் அவள். "ஆனா படத்துலதான் இடமில்ல."

அடுத்த ஞாயிறு அவர் எழுப்புவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். குளித்து, தலை வாரி, மருத்துவமனை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். கேடயம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்த அஞ்சடியார் ஒன்றும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் அவர் பையைத் திறக்கப்போனபோது அதை வாங்கிக்கொண்டு, இன்றைக்குத் தானே எடுக்கப்போவதாகச் சொன்னாள். ஃபோகஸ் எல்லாம் உனக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்.

அவள் முதல் வேலையாக முக்காலியின் கால்களை முகத்தின் உயரத்துக்கு நீட்டினாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. லென்ஸை அகலமாக வைத்தாள், துளையைச் சுருக்கினாள். நாடாவை அவர் கையில் கொடுத்து ஐந்தடி அளந்து நிற்கச் சொன்னாள். 'பீப்' சத்தத்துக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. பின்திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கி, வளையத்தைச் சின்னத் திருகைத் திருப்புகிற பழக்கத்தில் இரண்டு விரலால் மயிரிழை நகர்த்தினாள். புருவமும் மீசையில் இருந்த நரையும் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

கேமரா முன்னால் நிற்கிறவர்களுக்கு என்ன ஆகுமோ அது அஞ்சடியாருக்கும் ஆயிற்று. வயிற்றை எக்கினார். தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். நாடாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வருடக்கணக்காக வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"தலை முழுசா வருதா?" என்றார்.

"வருதுங்க. ரொம்பத் தெளிவா வருது," என்றாள். "ஃபோகஸ் ஆயிடுச்சு. இப்ப நகருங்க."

சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அவளைப் பார்த்தார், தான் நின்ற இடத்தைப் பார்த்தார், விலகிப் போய் ஈரப்புல்லில் நின்றார். பத்து விநாடி கழித்துத் தானாகவே படம் எடுக்கும்படி கேமராவை வைத்துவிட்டு, அவள் நிதானமாக நடந்து வந்து, அவர் நின்ற அதே இடத்தில் நின்று நேராகப் பார்த்தாள். சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது.

திங்கட்கிழமை எழுத்தர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முகமும் பின்னால் இருக்கிற மலையும் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, எந்த ஸ்டூடியோ என்று கேட்டார். எடுத்தது நான்தான் என்றாள். அன்று சாயங்காலம் அஞ்சடியார் வேலை முடிந்து மருத்துவமனைக்கு வந்து, எலும்பு மருத்துவருக்கும் கண் மருத்துவருக்கும் நடுவில் மாட்டியிருந்த அந்த முகத்தை ஐந்தடி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். பின்னால் வந்த ஒருவர் சுவரைப் பார்ப்பதற்காக, கொஞ்சம் நகருங்க என்றார்.