மாமனார் என்ன சொன்னார்

ஆபரேட்டர் அந்தப் படத்தை இருபத்தொன்பது வருடத்தில் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஓட்டினார். பதினோராவது ரீலில் மாமனார் பீரோவைத் திறந்துவிட்டுச் சொல்கிற ஒரு வரியை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் காதில் கோளாறு எதுவும் கிடையாது. மாடியில் படம் ஓட்டுகிற அறையில் இருந்தபடியே, கீழே வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்து, வந்திருப்பது முதலாளியா மேனேஜரா என்று சொல்லிவிடுவார். படம் கறுப்பு வெள்ளை. வந்த புதிதில் நாலு காட்சியாக நூறு நாள் ஓடியது. பிறகு எத்தனையோ படங்கள் வந்து போயின, கலர் வந்தது, ஏசி வந்தது; மதியக் காட்சியிலிருந்து மட்டும் இதைத் தூக்கக் கூடாது என்று ஜனங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். படக் கம்பெனியின் கிடங்கில் தண்ணீர் புகுந்து மற்ற பிரதிகளெல்லாம் பாழானதால் மிஞ்சியது இந்தத் தியேட்டரில் இருந்த ஒரே பிரதிதான்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பொய் சொல்லிப் பெண் கேட்ட மாப்பிள்ளை மாமனாருக்குப் பயந்து ஒரு மர பீரோவுக்குள் ஒளிகிறான். அவனைத் தேடி வந்த தையல்காரரும் அதிலேயே ஒளிகிறார், பிறகு தபால்காரர், பிறகு ஒரு ஆடு. மூன்று கூலியாட்கள் அந்த பீரோவை ஒன்றரை ரீல் நேரம் மாடிப்படியில் ஏற்றுகிறார்கள். மேலே மாமனார் கதவைத் திறக்கிறார். ஒவ்வொருவராகப் பார்க்கிறார், கடைசியில் ஆட்டைப் பார்க்கிறார், பெரிய மீசைக்குக் கீழே வாய் அசைகிறது. மொத்தம் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் அறுநூற்று இருபது நாற்காலியிலிருந்தும் சிரிப்பு கிளம்பி வரியை முழுசாக விழுங்கிவிடும். மதியம் சரியாக மூன்று நாற்பத்தேழுக்கு இது நடக்கும். தெருவில் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்கிறவர்கள்கூட உண்டு.

அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைப்பது ஆபரேட்டரின் மனைவிதான். கவுண்ட்டரில் டிக்கெட் கொடுப்பது அவள் வேலை. கவுண்ட்டரை மூடிவிட்டு வந்து, கடைசி வரிசைக்கு முந்தின வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்காருவாள். மாமனார் வாயைத் திறப்பதற்கு அரை விநாடி முன்பே அவள் சிரிப்பு வெடிக்கும், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். படத்தைக் கையால் தொட்டு ஓட்டுகிற தனக்கு மட்டும் தெரியாத ஒன்றை ஊரே தெரிந்துவைத்திருக்கிறதே என்று ஆபரேட்டருக்கு வயிறு எரிந்தது. எதிர்த்த கடைக்காரரைக் கேட்டால், 'இன்னும் யாராச்சும் பாக்கி இருக்கீங்களா' என்று மாமனார் சொல்வதாகச் சத்தியம் செய்தார். பேங்க் கேஷியர், 'முதல்ல ஆட்டை இறக்குங்க' என்றார். பள்ளிக்கூட வாத்தியார் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, தும்முகிறார் என்றார். சொன்னவர்கள் எல்லாரும் சொல்லி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்கா இந்தக் கூத்து என்று நினைத்தபடி ஆபரேட்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு படியேறுவார்.

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். ஒருநாள் காலையில் கூட்டுகிற அம்மாவைத் தவிர ஒருத்தரும் இல்லாத நேரத்தில், எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு அந்த ரீலை மட்டும் ஓட்டினார். மாமனார் ஆட்டைப் பார்த்ததும் காலி நாற்காலிகள் சிரித்தன. வருடக்கணக்காக மேலே விழுந்த சிரிப்பு பலகையிலும் பஞ்சிலும் ஊறிப்போயிருந்தது. கூட்டுகிற அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று, அது தினமும் கொஞ்சம் முனகும், இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறது என்று சொன்னார். அடுத்த வாரம் ஆபரேட்டர் கத்தரியை எடுத்தார். பீரோக் கதவு திறப்பதிலிருந்து ஆட்டைப் பார்ப்பது வரைக்குமான துண்டை வெட்டிவிட்டால் சிரிக்கக் காரணம் இருக்காது, வரி தனியாக வந்து காதில் விழும் என்பது கணக்கு. பிலிமில் சத்தம் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்காது, இருபது கட்டம் முன்னால் ஓடும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் கற்கிற பாடம். கோபத்தில் அதை மறந்துவிட்டார். கதவோடு சேர்ந்து வரியின் முதல் வார்த்தையும் கத்தரியில் போனது. அன்று மதியம் கதவே திறக்காத இடத்தில் கூட்டம் அதே மூன்று நாற்பத்தேழுக்கு அதே மாதிரி சிரித்தது. மறுநாள் துண்டைத் தேடி எடுத்து ஒட்டினார். ஒட்டியதில் ஒரு கட்டம் வீணானதால், அதன்பிறகு மாமனாரின் தலை லேசாக ஒரு வெட்டு வெட்டும். அதற்கும் சிரித்தார்கள்.

காது கேட்காத கடிகார ரிப்பேர்காரரை அழைத்து வந்தது கடைசி முயற்சி. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார், மீசை மறைத்தாலும் தாடையை வைத்துப் பிடித்துவிடலாம் என்று தாளில் எழுதிக் காட்டியிருந்தார். முன்வரிசையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். பீரோ இன்னும் மாடிப்படியில் இருக்கும்போதே அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. கதவு திறந்தபோது கண்ணில் தண்ணீர் கட்டி ஒன்றும் தெரியவில்லை. மன்னிக்கவும், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்படிப் பதினோரு தடவை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாவது நாள் தாளைக் கொண்டுவரவில்லை, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஆபரேட்டர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"எல்லாம் உன்னாலதான். நீ முந்திக்கிட்டு சிரிக்கலேன்னா நான் எப்பவோ கேட்டிருப்பேன்" என்றார்.

"வர்ற சிரிப்பை என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

"சரி, நீயாவது சொல்லித் தொலை. அந்த ஆள் என்னதான் சொல்றான்?"

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கெப்படித் தெரியும்? நானும்தான் கேட்டதில்லை."

"கேட்டதே இல்லையா? அப்புறம் எதுக்குடி இத்தனை வருஷமா சிரிக்கிற?"

"அவர் ஆட்டைப் பார்ப்பார் இல்ல? இப்ப ஏதோ சொல்லப்போறார்னு தெரியும். அது போதும்ங்க. காலையில இருந்து அந்தக் கவுண்ட்டர் ஓட்டை வழியா எத்தனை பேர் மூஞ்சியைப் பார்க்கிறேன். என்ன நடக்குமோ, எவன் என்ன சொல்வானோன்னே நாள் போகுது. இங்க ஒரு இடத்துலதான் என்ன நடக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். கதவு திறக்கும், ஆடு இருக்கும்."

"அது ஒரு காரணமா?" என்று கேட்டுவிட்டு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். அன்று இருந்த ஆத்திரத்தில் அவருக்கு அது புரியவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஐந்தாம் நாள் ஆபரேட்டர் வேலைக்கு வந்தார், வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று நாற்பத்தேழுக்கு அரை விநாடி முன்னால், யாரும் உட்காராத ஓரத்து நாற்காலியிலிருந்து அவள் சிரிப்பு கிளம்பியது. கூட்டம் பின்னாலேயே சிரித்தது. டிக்கெட் அம்மா வந்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் காலை ஒடுக்கி வழிவிட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அந்த நாற்காலிக்கு டிக்கெட் கொடுப்பதில்லை என்று மேனேஜர் போர்டில் எழுதி வைத்தார். ஆபரேட்டருக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. செத்தும் இவள் கேட்க விடமாட்டாள் போலிருக்கிறதே என்று மெஷினிடம் சொன்னார்.

ஆறு வருடம் கழித்து முதலாளி தியேட்டரை டைல்ஸ் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நாற்காலிகள் நாலா பக்கமும் போயின. நாற்பது முடிவெட்டுகிற கடைகளுக்கு, நூறு பள்ளிக்கூடத்துக்கு, இருபது பதிவு அலுவலகத்துக்கு, மீதி கேட்டவர்களுக்கெல்லாம். மதியம் மூன்று நாற்பத்தேழுக்கு அவை போன இடத்திலெல்லாம் சிரித்தன. முடிவெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் கத்தியை எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்டு வந்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், உட்கார்ந்திருந்த நாற்காலி சிரித்ததும் எதற்கென்று தெரியாமல் தாங்களும் சிரித்துவிட்டு, பிறகு மறுபடி முறைத்துக்கொண்டார்கள். அதிகாரி ஒரு நிமிடம் காத்திருந்து அடுத்த பத்திரத்தை எடுத்தார்.

கடைசியாகத் தியேட்டரில் ஓரத்து நாற்காலி ஒன்றுதான் மிச்சம். மெஷினைக் கழற்றும்வரை ஒருவாரம் இருக்கலாம் என்று ஆபரேட்டருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"அதையும் கழட்டி வெளிய போட்டுட்டீங்கன்னா சுத்தமாக் கேக்குமே" என்றார் மேனேஜர். "முப்பத்தஞ்சு வருஷ ஆசை. நானே வேணா ஸ்பேனர் தர்றேன்."

ஆபரேட்டர் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். நாலு போல்ட். துரு ஏறியிருந்தது. முதல் மூன்றையும் கழற்ற அரை மணி நேரம் ஆனது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. நாலாவதில் ஸ்பேனரை மாட்டினார், திருகவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவள் விரல் தட்டித் தட்டிப் பாலிஷ் போன இடம் ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றிய மூன்று போல்டையும் திரும்ப முடுக்கிவிட்டு, மாடிக்குப் போய்ப் பதினோராவது ரீலை மாட்டினார்.

பீரோ படியேறியது. கதவு திறந்தது. மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், தபால்காரரைப் பார்த்தார், தலையை ஒரு வெட்டு வெட்டி ஆட்டைப் பார்த்தார். அவளுடைய சிரிப்பு மட்டும் தனியாக எழுந்தது. கூட்டத்தோடு கலந்தே கேட்டவர், அதை இப்படித் தனியாகக் கேட்டதே இல்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு வாய்விட்டு, கடைசியில் ஒரு சின்ன விக்கல். சரியாக மூன்று விநாடி. மீசை அசைந்து நின்றது, ஒரு எழுத்துக்கூடத் தப்பி வரவில்லை.

"அடியே, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?" என்று படம் போகிற சுவர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். பிறகு ரீலைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தார்.

இப்போது அது டைல்ஸ் கிடங்கு. படி குறுகலாக இருப்பதால் பெட்டிகளை மாடிக்கு ஏற்ற முடியவில்லை, மெஷினையும் இறக்க முடியவில்லை, ஆபரேட்டரையும் யாரும் போகச் சொல்லவில்லை. தினமும் மதியம் அந்த ரீலை மாட்டுகிறார். பெட்டி தூக்குகிறவர்கள் நாற்காலியைச் சுற்றி இரண்டடி இடம் விட்டே அடுக்குகிறார்கள். மூன்று நாற்பத்தேழு ஆனதும் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள், விக்கல் வந்ததும் மறுபடி தூக்குகிறார்கள்.