ரேவதி முடிந்த நேரம்

என் மனைவி இராசேஸ்வரி நெருப்புக் காய்ச்சலில் இறந்தபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவளுடைய அம்மா, என் மாமி, குசினியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. பிற்பகல் மூன்று இருபது.

சிறிது நேரத்தில் எங்கள் குடியேற்றக் கிராமத்தில் பாதிப்பேர் முற்றத்தில் நின்றார்கள். மாமியின் தம்பி மயில்வாகனத்தார் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

“ரேவதி நட்சத்திரம் மூண்டு முப்பத்தைஞ்சு மட்டும் நிக்குது. அதுக்கு முன்னமெண்டால் பஞ்சமி.”

அவிட்டம் தொடங்கி ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களைத்தான் பஞ்சமி என்பார்கள். பஞ்சமியில் இறந்தவர் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வேலியை வெட்டி அந்த வழியாகத்தான் உடலை எடுப்பார்கள். அந்தக் கண்டம் கழியும்வரை, ஆறு மாதம், வீட்டைப் பூட்டிவைப்பார்கள்.

“பஞ்சமியெண்டால் பிள்ளையை நான் சாவகச்சேரிக்குக் கொண்டுபோயிடுவன் தம்பி,” என்றார் மாமி. “இவளை விட்டிட்டன். அதையும் விடேலாது.”

மகள் அருந்ததிக்குப் பத்து மாதம். எனக்கு வேலை இங்கே, இரணைமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். கணிதம் படிப்பிக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்திடம் திருக்கணிதப் பஞ்சாங்கம் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். அதில் ரேவதி மூன்று மணிக்கே முடிந்திருந்தது. இது வானத்தைப் பார்த்துத் திருத்திக் கணித்தது, இதுதான் சரி என்றேன். இரண்டு பஞ்சாங்கத்தையும் நம்பாதவன் அப்படி வாதாடினேன்.

“இவர் எப்ப தொடக்கம் பஞ்சாங்கம் பாக்கிறவர்?” என்று மயில்வாகனத்தார் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“எங்கடை வீட்டிலை வாக்கியப் பஞ்சாங்கம்தான்,” என்றார் மாமி. “உங்கடை கலியாணத்துக்கும் அதிலைதான் நாள் பாத்தது.”

மயில்வாகனத்தார் பஞ்சாங்கப் பக்கத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார். “உயிர் போன நேரம் வடிவாத் தெரியுமோ தம்பி?”

“மூண்டு நாப்பது.”

“மணிக்கூடு பாத்தனீரோ?”

“ஓம். பாத்தனான்.”

யாரும் சந்தேகப்படவில்லை. கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடமும் நான் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவர் பஞ்சாங்கத்தை மூடினார். வேலியை வெட்டவில்லை. வாசல் படலையால் கொண்டுபோனோம். மாமி எங்களோடேயே தங்கினார். முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு நன்றாக உறங்கவும் தொடங்கினார்.

நாலாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மாமி கற்பூரவள்ளி பிழிந்து தேன் விட்டுக் கொடுத்தார்.

“சளிக் காய்ச்சல். ரண்டு நாளிலை விட்டிடும்.”

எனக்கு இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். டொக்டர் பார்த்துவிட்டு மாமி சொன்னதையே சொன்னார்.

திரும்பி வந்தபோது மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையை வாங்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“படிச்ச மனுசன். ஒரு தும்மலுக்கு வவுனியா மட்டும் ஓட்டம்,” என்று சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். “பஞ்சமியிலை அவள் போயிருந்தாலாவது பயப்பிட ஒரு காரணம் இருக்கு.”

மூன்று இருபது என்று சொன்னால் அந்தப் பயம் அவருக்கும் வரும். பிள்ளையும் அவரோடு போய்விடும். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். ஆறு மாதம் முடிய இன்னும் எழுபத்தொரு நாள் இருந்தது.