நான் தேய்த்த துப்பாக்கி

என் மனைவி பல் டாக்டர். வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கும் அவளுடைய கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. காத்திருக்கும் அறையின் சுவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அங்கே ஐந்து பழைய துப்பாக்கிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆள் உயரம். குதிரை என்று சொல்லப்படும் இரும்புக் கொக்கியின் வாயில், தோல் துண்டு சுற்றிய சிக்கிமுக்கிக் கல் ஒன்று இருக்கும். விசையை இழுத்தால் கல் போய் இரும்பில் உரச வேண்டும், பொறி பறக்க வேண்டும், வெடிமருந்து பற்ற வேண்டும், அப்புறம்தான் வெடிக்கும். இதெல்லாம் நடந்து முடிவதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான் என்பது என் கருத்து. இருபது வருடமாக அதை அவளிடம் சொல்லி வருகிறேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிற பிழைப்பு. இருக்கிற பொறுமையெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்குள் தீர்ந்துவிடும். வீட்டுக்கு மிச்சம் கொண்டுவர முடிவதில்லை. அவளுக்கோ பொறுமை கிடங்கு கிடங்காக இருந்தது. பல் குடைகிற மெல்லிய கம்பிகள் தேய்ந்துபோனால் எறிய மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியை மடியில் கிடத்தி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மருந்துக்கு நெருப்புப் போகிற பொடித் துளையை அந்தக் கம்பியால் குடைந்து சுத்தம் செய்வாள். "வலிச்சா கையத் தூக்கு" என்று அதனிடம் சொல்வாள். நான் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்ப்பேன். முடியாது.

ஒவ்வொரு துப்பாக்கியின் கீழும் ஒரு அட்டை. வகை, காலம், பழுது, பழுது செய்தவர் என்று நான்கு வரி. கடைசி வரியில் பெரும்பாலும் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கும். இருநூறு வருடத்துக்கு முன்னால் கட்டையைப் பிளந்தவனை எங்கே போய்த் தேடுவது? ஒன்றை விற்ற ஆள், அது ஒரு தளபதியின் மெய்க்காப்பாளனுடையது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் அட்டையில் எழுதினாள்: 'விற்றவர் சொன்ன கதை. ஆதாரம் இல்லை.' அவள் அப்படித்தான். பல் சொத்தை என்றால் சொத்தை, கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள்.

எங்கள் ஊர் மியூசியத்தில் ஒரு சின்ன அறை காலியானது. அதற்காக அவள் ஒன்பது வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வழியாகப் பதில் வந்தது: பொறுப்பாளர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் அந்த அறை அவளுடைய துப்பாக்கிகளுக்கு.

"நமக்கப்புறம் இதெல்லாம் எங்கங்க போகும்?" என்றாள் அன்று. எங்கள் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். 'எனக்கு இருக்கறதே ரெண்டு ரூம்மா, ஒண்ணு வச்சாலும் கதவு மூடாது' என்று அவள் கையை விரித்தாகிவிட்டது. "பழைய இரும்புக்காரன் எடை போட்டு எடுத்துட்டுப் போயிடுவான். அந்த ரூம் மட்டும் கிடைச்சா போதும். நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் தனக்காக எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் எனக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை கிளினிக் விடுமுறை. அவள் அட்டைகளை அச்சடித்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நாளைக்குப் பெரிய மனுஷி வரப்போகிறார். ஐந்தும் அழுது வடிகின்றன. அதிலும் நடுவில் இருந்தது, எல்லாவற்றிலும் பழையது, குழல் முழுக்கக் கறுத்த பழுப்பு. துரு என்று நினைத்தேன். அதைக் கழற்றி வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குக் கொண்டுபோனேன். முதலில் உப்புத்தாள், பிறகு கார் பம்பருக்குப் போடுகிற பேஸ்ட், கடைசியில் பனியன் துணி. மூன்று மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் குழலில் என் மீசை தெரிந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்ப்பதற்காகவே வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மற்ற நான்கும் நேரமில்லாததால் தப்பித்தன.

அவள் வந்தாள். பார்த்தாள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதால தேய்ச்சீங்க?"

எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற அதே குரல். சொன்னேன்.

"உப்புத்தாளா?"

"பொடி நம்பர்தான்" என்றேன், பெரிய சலுகை செய்தவன் மாதிரி.

"அது துரு இல்லங்க. இத்தன வருஷம் காத்தும் கையும் பட்டுப் பட்டு வந்த நிறம். அதப் பாத்துதான் இது நிஜமா பழசா, நேத்து செஞ்சதான்னே சொல்லுவாங்க. வாங்கவும் முடியாது, பூசவும் முடியாது. போனா போனதுதான்." பெஞ்சிலிருந்து எழுந்தாள். "பரவால்ல. நீங்க கை கழுவுங்க."

அவள் உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தபடி வெகுநேரம் ஓடியது. அந்தக் குழாய் எதற்கு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் தேவலாம். மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, நீங்க அதத் தொட்டீங்களா? இத்தன வருஷத்துல நானே தொட்டதில்ல" என்றாள். வேறு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் காபி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அத மட்டும் கட்டிலுக்கு அடியில போட்டுடலாம். நாலுதான் இருக்குன்னு சொல்லிடு. இல்ல, வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லு."

"என் அட்டையில பொய் வராது" என்றாள். அந்தத் துப்பாக்கியின் அட்டையை மட்டும் மறுபடி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன்; கையால் மறைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா வந்தார். ஒல்லி உருவம், தடித்த கண்ணாடி, கைகளில் வெள்ளைக் கையுறை. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நின்றார்.

"இத யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான்" என்றேன். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற பையனை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தார். எனக்கு வேண்டியதுதான்.

கடைசி இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் சொன்னார்: "டாக்டர், ரூம் உங்களுக்குத்தான். இந்த நாலும் அருமையா இருக்கு. அது மட்டும் வேண்டாம். அத அங்க வச்சா நாங்கதான் கெடுத்துட்டோம்பாங்க."

எனக்கு உயிர் வந்தது. ஒன்பது வருடத்துக் கடிதத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. சரி என்று சொல் தாயே என்று மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அஞ்சும் வரணும்" என்றாள் என் மனைவி. "இல்லன்னா நாலும் இங்கயே இருக்கட்டும்."

"ஏம்மா, அவங்கதான் தர்றாங்கல்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மேடம், இது செஞ்ச புதுசுல எப்படி இருந்திருக்கும்? வெள்ளையா மின்னியிருக்கும். மங்கினா சிப்பாய்க்கு அடி விழும். செங்கல் பொடி போட்டுத் தினம் தேய்ச்சிருப்பான். அந்தச் சிப்பாய் பாத்த துப்பாக்கி இதுதான். நடுவுல இத வைங்க, சுத்தி அந்த நாலையும் வைங்க. காலம் என்ன பண்ணும்னு வர்றவங்களுக்குத் தானா புரியும். தேய்ச்சது தப்புதான். அத நான் மறைக்கல, அட்டையிலயே போட்டிருக்கேன்."

அந்த அம்மா கையுறையைக் கழற்றினார். அட்டையை வாங்கிப் படித்தார். அவர் யோசித்த அந்த ஒரு நிமிடத்தில் என் ஆயுளில் பாதி கழிந்துவிட்டது. அப்புறம் அவர் வாய் ஓரம் லேசாகக் கோணியது.

"ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடலாமே, டாக்டர். மியூசியத்துல நாங்க இப்படி எழுதறதில்ல."

"அது இருக்கட்டும் மேடம்."

"சரி" என்றார். "அஞ்சையும் கட்டிடுங்க."

அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கையில வந்தத எட்டி உதைக்கப் பாத்தியே. அந்தம்மா அப்படியே போயிருந்தா?"

"போயிருப்பாங்கதான்."

"அப்புறம்?"

அவள் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இருபது வருஷமா கிண்டல்தான் பண்ணினீங்க. நீங்களா வந்து அதத் தொட்டது நேத்துதான். அத எப்படிங்க தனியா விட்டுட்டுப் போறது?"

கட்டுகிற கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

அறை திறந்த அன்று நான் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போனேன். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து, நடுவில் மின்னிக்கொண்டிருந்ததன் கீழே குனிந்து படித்தேன். வகை, காலம் எல்லாம் வழக்கம்போல. 'பழுது: குழலின் பழைய நிறம் உப்புத்தாளால் முழுவதும் தேய்க்கப்பட்டுவிட்டது.' அதற்கடுத்த வரி, எப்போதும் 'தெரியவில்லை' என்று இருக்கிற வரி: 'பழுது செய்தவர்: என் வீட்டுக்காரர்.'

பிறகு மியூசியம் முழுக்கச் சுற்றினேன். மூன்று மாடி. பானை, நாணயம், செப்பேடு, யானை எலும்பு என்று ஒரு அட்டை விடாமல் படித்தேன். 'என்' என்று எழுதியிருக்கிற அட்டை அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.