பதினாறாவது நிமிடம்

எங்கள் பேட்டை புலாங்காவில் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் பதினைந்து நிமிட நடை வரைக்கும்தான் கால் நகரும். பதினாறாவது நிமிடம் நட்ட கம்பம் மாதிரி நின்றுவிடும். திரும்பி வரலாம், அதற்குத் தடையில்லை. தவழ்ந்து பார்த்தவர்களுக்கு முழங்கால் நின்றது. நகரமைப்பு அலுவலகம் புதுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட திங்கட்கிழமையிலிருந்து வட்டாரம் முழுக்க இப்படித்தான். முதல் வாரம் அழுதோம். இரண்டாம் வாரம் மட்டோக்கே வாழைக்குலை விலை ஏறிவிட்டது, அந்தக் கவலை வந்துவிட்டது.

திட்டம் என்னவோ நல்ல எண்ணம்தான். ஊர்கள் ஊதிப் பெருத்துக்கொண்டே போகின்றன, வேண்டியதெல்லாம் கால்நடையாகப் பதினைந்து நிமிடத்தில் கிடைக்கவேண்டும், புகை கூடாது, பைக் டாக்சி கூடாது. பள்ளி, சந்தை, குழாய், ஆஸ்பத்திரி, சர்ச், மசூதி, மைதானம், இடுகாடு என்று எட்டு இருக்கவேண்டும். தேறிய பேட்டை பிழைக்கும். தேறாத பேட்டையில் சுவருக்குச் சுவர் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டு இடிப்பார்கள்.

எங்கள் சேர்மன் வாலுசிம்பி பேட்டையைக் காப்பாற்றினார், அதை யாரும் மறுக்க முடியாது. எங்களிடம் ஆஸ்பத்திரி கிடையாது. பக்கத்துப் பேட்டை புகாமியில் நாந்தெகே என்ற நர்ஸ் ஒரு கூடாரம், ஓர் இரும்புக் கட்டில், ஒரு தராசு வைத்து வைத்தியம் பார்த்துவந்தாள். விசேஷத்துக்குக் கூடாரம் இரவல் கொடுக்காதவர்களை எங்கள் பக்கம் மனுஷராகவே சேர்ப்பதில்லை. மகள் நகிகோசியைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்று பொய் சொல்லிக்கொண்டு வாலுசிம்பி அவளிடம் போய் நின்றார்.

"கூடாரம் சரி. கட்டில் எதுக்கு சேர்மன்?"

"சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு இடுப்புப் பிடிப்பும்மா. நாற்காலியில உக்கார மாட்டாரு."

"தராசு?"

"மாப்பிள்ளைய நிறுத்துப் பாத்துட்டுதான் பொண்ணு குடுப்பேன்."

நாந்தெகே சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மறுநாள் காலையில் வந்த அதிகாரிகள், புலாங்காவில் ஆஸ்பத்திரி நான்கு நிமிடம் என்று எழுதினார்கள். மதியம் புகாமிக்குப் போய் வெறுந்தரையைப் பார்த்துவிட்டுச் சிவப்புச் சாயத்தைத் திறந்தார்கள். இடுகாடு எங்களிடமும் இல்லை, புகாமியிலும் இல்லை. செத்தவரைப் பூர்வீகத் தோட்டத்தில் வாழைக்கு நடுவேதான் புதைப்போம், அந்தத் தோட்டமெல்லாம் தூரத்தில் இருக்கிறது. இடுகாட்டை இரவல் வாங்கவும் வழியில்லை. ஒன்றுதானே குறைகிறது, ஏழே போதும் என்று எங்களை விட்டுவிட்டார்கள்; இரண்டு குறைந்த புகாமியை விடவில்லை.

ஒரே மாதத்தில் புகாமி தரைமட்டம். அங்கே புல்லும் பெஞ்சுமாகப் பசுமைப் பூங்கா வந்தது, வண்டி நுழையாதபடி சுற்றிலும் இரும்புத் தூண் நட்டார்கள். பிழைப்புக்கு நாந்தெகே பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே குடிபோனாள். வாலுசிம்பி பொய்யாகச் சொன்ன கல்யாணம் அடுத்த வருஷம் நிஜமாகவே நடந்தது. நகிகோசி பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். வலி வந்து இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. வாலுசிம்பியின் வீடுதான் ஊரின் கடைசி வீடு, அவரைவிடத் தூரம் போகக்கூடியவர் எங்களில் யாருமில்லை. மகளை முதுகில் கட்டிக்கொண்டு பூங்காவுக்குள் நடந்தார். போன் போட்டதும் நாந்தெகே அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேருக்கும் கால் நின்றபோது நடுவில் இருநூறு அடிப் புல்வெளி இருந்தது.

"தலை தெரியுதா சேர்மன்?" என்று கத்தினாள் நாந்தெகே.

"கால்தான் தெரியுது."

"இழுக்காதீங்க. அவள முட்டி போட வைங்க."

"நீ வாம்மா. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"என் கால் வராது சேர்மன். புகாமியில என் வீடு இருந்திருந்தா வந்திருக்கும்."

குத்திக் காட்டச் சொன்னதல்ல, உள்ளதைச் சொன்னாள். அப்புறமும் தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் இப்படிப் பிடியுங்கள், அப்படித் திருப்புங்கள் என்று அழுதுகொண்டே கத்தினாள். நான்கு மணிக்குத் தாய் போனாள். பிள்ளை இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பாவி மனுஷன், அந்த அரை மணி நேரமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூர்வீகத் தோட்டத்துக்கு யார் காலும் போகாது. கால் நின்ற இடத்திலேயே வாலுசிம்பி குழி தோண்டினார்.

அடுத்த வருஷம் அதிகாரி மறுபடி வந்தார். அதிகாரிகளின் வீட்டு வாசல் தலைநகரில் இருக்கிறது, அவர்கள் கால் மட்டும் எப்படி எங்கும் போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி வாலுசிம்பியோடு கல்லறைவரை நடந்தார். இடுகாடு, பதினைந்து நிமிடம் என்று எழுதினார். அந்தப் பட்டியலில் ஆஸ்பத்திரி நான்கு நிமிடம் இன்னும் அப்படியே இருந்தது.

"சந்தோஷம் சேர்மன். இப்ப எட்டும் ஆயிடுச்சு."

"நன்றிங்க" என்றார் வாலுசிம்பி.

அதிலிருந்து எல்லாரையும் அங்கேதான் புதைக்கிறோம். ஒவ்வொருவரும் தன் கால் நிற்கும்வரை பிணத்தைத் தூக்கிப்போய் அடுத்தவரிடம் கொடுப்போம், கடைசியில் வாலுசிம்பி வாங்கிக்கொள்வார். கல்லறைவரை கால் போவது அவர் ஒருவருக்குத்தான். நேற்று மூன்று பேரைத் தூக்கிப்போனார்.