ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் அடிக்க

மனோஜின் வலது கை உடைந்தபோது நான் நாலடி தள்ளி, மணலில் சாக்கு விரித்து உட்கார்ந்து சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுரைக்காய்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முற்றின முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம் அவன் கையிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான். சுத்தியலைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி ஸ்ரீவித்யா. அவள் அதை மறுபடியும் தூக்கியதையும் பார்த்தேன்.

ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன். புணேயில், வாகட் பகுதியில் எங்கள் அடுக்ககம். அதில் நாங்கள் 403. அவர்கள் நேர் மேலே, 503. கோயம்புத்தூர்க்காரர்கள், இருவருக்கும் ஐ.டி. வேலை. லிஃப்டில் பார்த்தால் "குடுங்க ஆன்ட்டி" என்று என் காய்கறிப் பையை வாங்கிக்கொள்வான் மனோஜ். சொசைட்டியில் எல்லோருக்கும் பிடித்த பையன். நாலு வருஷமாக எங்கள் கூரையில் அவ்வப்போது பொத்தென்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு எதுவோ இழுபடும் சத்தம், பிறகு வெகுநேரம் குழாய்த் தண்ணீர். என் கணவர் ஜம்புநாதன் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். நான் அப்படி இல்லை. கவனமாகக் கேட்டு, மறுநாள் சாயங்காலம் கீழே பெஞ்சில் ருக்மிணி மாமியிடம், "நேத்து மேல ரெண்டு ரவுண்டு" என்பேன். மாமி "அச்சச்சோ" என்று காதை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருவாள். மேலே போய் மணியடிக்கலாம் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. மணியடித்துச் சத்தம் நின்றுவிட்டால் அப்புறம் பெஞ்சில் எதைப் பேசுவது?

பக்கத்துக் கசார்வாடியில் இருக்கும் முகமது ரஃபீக் நடத்தும் மலிவுப் பாலைவனப் பயணத்துக்கு ஆள் சேர்த்ததும் நான்தான். ஒன்பது நாள், ஒரு டெம்போ டிராவலர், ஜெய்சல்மேர் தாண்டி மணல் வரை. நாங்கள் கொடுத்த காசுக்கு ஒட்டகம் தூரத்தில் நின்று காட்சி தரும், அவ்வளவுதான். டென்ட்டை நாமே அடிக்க வேண்டும், சமையல் முறைவைத்து. மாமியும் அவள் வீட்டுக்காரர் ஸ்வாமிநாதனும் வெங்காயம் சேர்க்காதவர்கள், ஆகவே வண்டியில் ஒரு வெங்காயம்கூட ஏறக்கூடாது என்பது மாமியின் நிபந்தனை. கிளம்பும் அன்று ரஃபீக்கின் காய்கறி மூட்டையை அவளே கொட்டிச் சோதனை போட்டாள்.

ரஃபீக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தான். மணலில் சின்ன முளை நிற்காது என்று முழ நீளத்துக்கு இரும்பு முளைகளும், டென்ட்டுக்கு ஒரு கனத்த சுத்தியலும் கொடுத்தான். பட்டறைத் தமிழர்களிடம் பழகிய தமிழ் அவனுக்கு. "ஒருத்தர் பிடி, ஒருத்தர் அடி. ரோஜ், தினம் மாத்தணும். இல்லேன்னா அடிக்கிறவனுக்குக் கை வலி, பிடிக்கிறவனுக்கு பயம்" என்றான்.

முதல் நாள் ஸ்ரீவித்யா பிடிக்க மனோஜ் அடித்தான். சுத்தியல் நழுவி அவள் விரலில் விழுந்தது. "ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாம் நாள் முறைப்படி அவள் அடிக்க வேண்டும். "அவளுக்கு ஏது தெம்பு?" என்று சுத்தியலை அவனே எடுத்துக்கொண்டான். மறுபடி நழுவியது. அடிக்கிறவன் முளையைப் பார்ப்பான், இவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அவளால் சப்பாத்தியைப் பிய்க்க முடியவில்லை. மூன்று விரல்கள் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி நீலமாகப் பளபளத்தன. மாமியின் தொடையில் இடித்து நான்தான் காட்டினேன்.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவர்கள் டென்ட்டுக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. நாங்கள் இந்தப் பக்கம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மலிவு டென்ட், மெல்லிய துணி, உள்ளே நடப்பது நிழலாகத் தெரிந்தது. ஒரு ஆள் இன்னொருத்தியின் மார்பில் முழங்காலை ஊன்றியிருந்தான், கை கழுத்தில். கீழே இருந்த கால்கள் துணியை உதைத்தன, கம்பு ஆடியது. எங்கள் கூரையில் நாலு வருஷமாகக் கேட்டதற்கு அன்றைக்குத்தான் படம் வந்தது. ஸ்வாமிநாதன் மாமா இருமினார். நான் டீயை ஊதினேன், ஆறிப்போயிருந்த டீயை. ரஃபீக் ஒருவன்தான் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி "சாய், சாய்" என்று உயிர் போவதுபோலக் கத்தினான். நிழல் எழுந்தது. மனோஜ் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "குட் மார்னிங் ஆன்ட்டி" என்றான்.

அன்று சாயங்காலம் ரஃபீக் சுத்தியலை மனோஜிடம் தரவில்லை. நேராக ஸ்ரீவித்யாவின் கையில் வைத்தான். "இன்னிக்கு மேடம் அடிப்பாங்க. ரூல்."

மனோஜ் குந்தி உட்கார்ந்து முளையைப் பிடித்தான். "பாத்து அடிடி. உனக்குக் கரப்பான்பூச்சியையே அடிக்க வராது."

முதல் அடி முளையில் விழுந்தது. இரண்டாவதும் சுத்தமாக, நேராக. மூன்றாவதற்குத் தூக்கியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இறக்கினாள். அவன் கையை இழுப்பதற்குள் இன்னொன்று. தோல் கிழிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது, மணலில் ரத்தம் சொட்டுச் சொட்டாக உருண்டையாய்ச் சுருண்டது. பூட்ஸ் காலால் அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவளின் தலைமுடியை இடது கையால் பற்றி முகத்தை மணலுக்குள் அழுத்தினான். ரஃபீக் அவன் முதுகில் பாய்ந்தான். ஜம்புநாதன் ஓடிப்போய் அவன் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டார். தன் ரிமோட்டைத் தேடக்கூட எழுந்திருக்காத மனுஷன். என் கையில் இன்னும் பாதிச் சுரைக்காய் இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் புறங்கை எலும்பு மூன்று இடத்தில் நொறுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் நோட்டுடன் வந்தார்.

"வேணும்னே அடிச்சா. கொலை முயற்சி, எழுதிக்குங்க" என்றான் மனோஜ். ஆஸ்பத்திரி வலி மருந்திலும் குரல் குழறவில்லை. "403 ஆன்ட்டியைக் கேளுங்க. அவங்க பாக்காதது ஒண்ணும் கிடையாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்ரீவித்யா எதிர் பெஞ்சில், உதட்டில் மணலோடு, என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைச் சொன்னால் அவளை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைப் பார்த்தபடி, கொஞ்சம் உப்பு கூட்டி, கேட்காதவர்களுக்கும் சொன்னவள் நான். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் என்னைக் கேட்டு எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்.

"நான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன் சார்" என்றேன், என் கோர்படி ரயில்வே காலனி ஹிந்தியில். "கண்ணெல்லாம் தண்ணி. ஒண்ணும் தெரியல. சுத்தியல் நழுவியிருக்கும். முந்தின ரெண்டு நாளும் அவர் அடிக்கும்போதும் நழுவிச்சு, அவ விரலைப் பாருங்க."

"பொய்" என்றான் மனோஜ். "இந்த டிரிப்ல வெங்காயமே கிடையாது. அந்த மாமியைக் கேளுங்க."

போலீஸ்காரர் மாமி பக்கம் திரும்பினார். வெங்காயம் பட்ட பாத்திரத்தைக் கையால் தொடாத ருக்மிணி மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துது" என்றாள். "ரொம்ப நெடி. நேக்கே கண்ணு எரிஞ்சுது."

நோட்டில் விபத்து என்று எழுதிக்கொண்டார். மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

புணே திரும்பியதும் ஸ்ரீவித்யா வேறு எங்காவது போய்விடுவாள் என்று நினைத்தேன். மறுபடி 503-க்குத்தான் போனாள். "எங்கீங்க்கா போறது?" என்றாள், பதில் என்னிடம் இருக்கிற மாதிரி. ஆறு வாரம் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள். ஆறு வாரமும் எங்கள் கூரை ஊமையாகக் கிடந்தது. மாமியும் நானும் பெஞ்சில் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினோம். போன வாரம் லிஃப்டில் மனோஜ் என் பையை இடது கையால் வாங்கிக்கொண்டு, "வர்ற வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க ஆன்ட்டி" என்றான். சிரித்த முகம்தான்.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவள் மட்டும் படியிறங்கி வந்தாள். என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து மூடினாள்.

"எங்க வீட்டுச் சாவிங்க்கா. சத்தம் கேட்டா மணியடிக்காதீங்க, திறந்துட்டு வந்துருங்க." இரண்டு படி ஏறித் திரும்பினாள். "அன்னிக்கு மாதிரி வெங்காயம் நறுக்கிட்டு இருந்துடாதீங்க."

அன்னிக்கு என்றால் எந்த அன்னிக்கு என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் ஏறியது. நாலாவது மாடியைத் தாண்டி ஐந்தில் நின்றது. ஜம்புநாதன் ரிமோட்டை எடுத்தார்.

"கூட்டாதீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். திரையில் ஒருவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். மேலே கதவு சாத்தும் சத்தம், பிறகு செருப்பு ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பலகையில் நிஜமான வெங்காயம் பாதியில் கிடந்தது, கண்ணில் நிஜமாகவே தண்ணீர். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மூடிய கைக்குள் சாவியோடு ஒரு வெங்காயச் சருகும் ஒட்டிக்கொண்டிருந்தது.