பூஜ்யத்துக்கு முத்திரை

எங்கள் நகராட்சியின் நில ஆவணப் பிரிவில் தினமும் காலையில் ஒரு காகிதம் அச்சாகும். முந்தைய நாள் மாலை கோப்புறைகள் எல்லாம் காப்பு வட்டுக்கு நகலாகிவிட்டன என்று சொல்லும் அறிக்கை அது. கடைசி வரியில் ஓர் எண் இருக்கும். அது பூஜ்யமாக இருந்தால் பிரிவுத் தலைவர் ஷிஷ்கோவ் வட்ட முத்திரையை வாயால் ஊதி, குத்தி, துளையிட்டு, நீல அட்டையில் கோர்ப்பார். இரண்டு வருடமாகப் பூஜ்யம்தான். நீல அட்டைகள் ஒரு பீரோவை நிறைத்துவிட்டன.

கணினி வேலைக்கு நான் வந்து ஆறு மாதம். வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. ஷிஷ்கோவ் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால், பிளோவ்திவ் நகரில் வாங்கிய பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு, அம்மா வேலை செய்யும் ஆலையில் அவள் பக்கத்தில் நின்று குடைமிளகாய்க்குத் தோல் உரிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை ஆலைக்காரர்களிடம் சொன்னால் கூடுதலாக ஒரு கத்தி தருவார்கள்.

வியாழன் காலை, வரைபடங்களைக் கவனிக்கும் த்ஸோன்கா அக்கா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைக் கடித்தபடி வந்தாள்.

"அடியே ஸ்தானிமிரா, ஒரு கிராமத்து வரைபடத்தை அழிச்சுத் தொலைச்சிட்டேன்டி. காப்பு வட்டுலேர்ந்து எடுத்துக் குடு, கண்ணு."

வட்டைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு வருடமாக ஒரு கோப்புகூட அங்கே வந்து சேரவில்லை.

நகலெடுக்கும் நிரலைக் கறுப்புத் திரையில் திறந்தேன். மொத்தம் நாலே வரி. எடுக்க வேண்டிய கோப்புறையின் பெயராக, 'நிலம்' இருக்க வேண்டிய இடத்தில், 'மாதிரி' என்றிருந்தது. 'மாதிரி' காலிக் கோப்புறை. எழுதியவன் எனக்கு முன்னால் இங்கிருந்த பென்யு. அப்பழுக்கில்லாத அறிக்கைகளுக்காகப் பாராட்டுப் பத்திரம் வாங்கி, மாவட்ட அலுவலகத்துக்கு நிபுணராகப் போனவன். தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணே, ஏன் இப்படிப் பண்ணுன?"

"கத்தாத தங்கச்சி. அந்தக் கட்டளையோட வழக்கம் உனக்குத் தெரியுமில்ல? கோப்பை நல்லபடியா எடுத்துட்டா 1. எடுக்க எதுவுமே இல்லன்னா 0. எட்டோ அதுக்கு மேலயோ வந்தாத்தான் கோளாறு. ஷிஷ்கோவுக்கு 1-னா ஒரு தப்பு. ஆரம்பத்துல என்கிட்ட மூணு விளக்கக் கடிதம் வாங்கிட்டாரு. பூஜ்யம் கேட்டாரு, குடுத்தேன்."

"வட்டு காலியா இருக்கே!"

"பூஜ்யம் வருதா இல்லையா?" என்று வைத்துவிட்டான்.

த்ஸோன்கா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பனிட்சாவைக் கீழே வைத்துவிட்டு, காகித வரைபடத்தைத் தேடிக் கிடங்குக்குப் போனாள். நான் 'மாதிரி'யை அழித்துவிட்டு 'நிலம்' என்று எழுதினேன். மாலையில் நிரல் ஓடியது. வெள்ளி காலை அறிக்கையில் நாற்பதாயிரத்துச் சொச்சம் கோப்புகள். கடைசி வரியில் 1.

ஷிஷ்கோவ் முத்திரையை ஊதினார். எண்ணைப் பார்த்தார். முத்திரையை மூடி வைத்தார்.

"என்ன இது?"

"இப்பதான் சார் உண்மையாவே நகலாயிருக்கு. இவ்வளவு நாள் காலிக் கோப்புறையத்தான் எடுத்திருக்கு. பூஜ்யம்னா ஒண்ணும் எடுக்கலைன்னு அர்த்தம்."

"ஏம்மா, இந்தப் பீரோல ஐந்நூறு அறிக்கை இருக்கு. அத்தனையிலயும் என் முத்திரை. அப்ப என் முத்திரை பொய்யா?"

"முத்திரை நிஜம்தான் சார். வட்டுதான் காலி."

அவர் காது சிவந்தது. "பென்யு எழுதினதுல ரெண்டு வருஷமா ஒரு தப்பு வந்ததில்ல. நீ தொட்ட மறுநாளே வருது. மதியத்துக்குள்ள பூஜ்யம் வேணும். இல்லேன்னா உன் தாள்ல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும்."

இருக்கைக்கு வந்தேன். 'மாதிரி' என்று திரும்ப அடிக்க அரை நிமிடம் போதும். விரல் விசைப்பலகைமேல் இருந்தது. கிடங்கில் த்ஸோன்கா அக்கா தும்மிக்கொண்டே இருந்தாள். ஒரு கிராமத்தின் காகிதச் சுருளையெல்லாம் முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும் அவளுக்கு. மாட்டேன் என்று கையை எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். காலையில் மாறிய கோப்புகளுக்காக நிரலை ஒரு தடவை ஓட்டினேன். 1. யாரும் எதையும் தொடாத அந்த அரை மணி நேரத்தில் உடனே இன்னொரு தடவை ஓட்டினேன். எல்லாம் ஏற்கெனவே வட்டில் இருந்தன. புதிதாக எடுக்க ஒன்றுமில்லை. 0. கலப்படமில்லாத பூஜ்யம். இனிமேல் தினமும் இரண்டு தடவை ஓடவும், இரண்டாவது அறிக்கை மட்டும் அச்சாகவும் ஏற்பாடு செய்தேன்.

ஷிஷ்கோவ் பார்த்தார், ஊதினார், குத்தினார். அப்படியே என் நிரந்தரத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியாம்மா? ரெண்டு திட்டு திட்டினா கம்ப்யூட்டரும் சரியாயிடுது."

"ஆமா சார்," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் பல்லைக் கடித்ததில்லை.

காலையில் வந்த 1 என் மேசை இழுப்பறையில் முத்திரையில்லாமல் கிடக்கிறது. கிழித்துப்போடச் சொன்னார். போடவில்லை.