சுகந்தியின் வருகைப் பதிவு

சுகந்தி சிகாகோ மேடையில் பாடியது டி.வி.யில் ஓடிய பதினேழு நிமிடத்தில், அரவேணுவுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில், அவள் கூடையில் எட்டு கிலோ கொழுந்து சேர்ந்திருந்தது. காம்பு இல்லை, முற்றல் இல்லை. எடை போட்ட மேஸ்திரி தினகரன் தராசை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அவள் பேருக்கு நேரே ஆஜர் என்று எழுதினார்.

அவள் அங்கே கொழுந்து பறித்தவள்தான். கோத்தகிரி ரேச்சல் டீச்சர் வீட்டில் கேட்ட அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளை, அர்த்தம் தெரியாமலே, அடிவயிற்றிலிருந்து பாடிக்கொண்டு பறிப்பாள். டீச்சர் எடுத்த வீடியோ உலகம் சுற்றியது. ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போனவள் பன்னிரண்டு வருடத்தில் ஏழு ஆல்பம் போட்டாள், மூன்று சினிமாவில் வந்தாள். அந்தக் குரலுக்குக் கல்லும் எழுந்து நிற்கும் என்பார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலிருந்த பாறை ஒரு சாண் எழுந்தது, சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார். ஒரு படத்தில் ஹோட்டல் பாடகியாக நான்கு நிமிடம் வந்தாள், இரண்டு கிலோ சேர்ந்தது. இன்னொன்றில் கதவைத் திறந்து மூடியதோடு சரி. அதற்கு ஒரு கைப்பிடிதான் விழுந்தது. பாடும்போது வலக்கையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசுவாள். லண்டனிலும் லாகோஸிலும் ரசிகர்கள் அதை நடனமென்று நினைத்துக் கூட்டம் கூட்டமாக வீசினார்கள். கொழுந்தைக் கூடையில் போடுகிற வீச்சு அது என்று எங்கள் பெண்களுக்குத்தான் தெரியும். எங்காவது ஒரு திரையில் அவள் வராத நாளே இல்லை, அதனால் அவளுக்கு லீவே விழவில்லை.

பதிவேட்டில் பேர் இருந்தால்தான் லயத்தில் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அவள் அம்மா பாலாமணி, மகள் பேரில்தான் அந்த ஒற்றை அறையில் இருந்தாள். சுகந்தி சென்னையில் வீடு வாங்கிக் கூப்பிட்டும், பதினாறு வயதில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பாலாமணி அசையவில்லை. "கப்பல்ல ஏத்தி எறக்குனது ஒரு வாட்டி போதும். இனி என்னய யாரும் எடம் மாத்த வேணாம்" என்றாள்.

போன மாதம் புதிதாக வந்த மேனேஜர் சுரேஷ் கூடையை நம்பவில்லை. நாளைக் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுங்கள் என்று தினகரனிடம் சொன்னார்.

"ஏனுங்க சார், அந்தப் பொண்ணு அமெரிக்காவுல இருக்குதுங்களே" என்றார் தினகரன்.

"அப்ப அம்மாவ ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க."

காலை ஏழரை. அமெரிக்காவில் முந்தின நாள் இரவு, பெரிய விருது விழா, நேரடி ஒளிபரப்பு. பெரட்டில் நின்ற நூற்றிருபது பெண்களும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஓரத்தில் நின்ற பாலாமணி திரையைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். தினகரன் கூப்பிட்டார்: "பாலாமணி மக சுகந்தி!"

திரையில் சுகந்தி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "வந்துட்டேனுங்க" என்றாள். சத்தம் போனிலிருந்து வரவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து, பனியை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது. அங்கே நின்றவர்களுக்கு இன்றைக்கும் அதைச் சொன்னால் மயிர்க்கூச்செறிகிறது. சுரேஷ் தொப்பியைக் கழற்றினார். பேனாவை வாங்கி அவரே ஆஜர் போட்டார்.

அடுத்த பேர் சுமலதா. அவள் அன்று லீவு. பாலாமணி லயத்துக்குத் திரும்பி, கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, பானையை எடுத்து உலை வைத்தாள்.